பக்தியில் புகுந்த அச்சம்: உரிய வைத்தியரைத் தேடும் வழி

நம் இல்லங்களில் மடி, ஆசாரம் என்னும் சொற்களுக்குத் தனி மதிப்பு உண்டு. விடியற்காலையில் நீராடி, கொடியில் உலர்ந்த மடித்துணியை உடுத்தி, வாசலில் கோலமிட்டு, பூஜையறையில் விளக்கேற்றிய பின்னரே அடுப்பை மூட்டிய தாய்மார்களின் கையால் உண்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒழுங்கு உடலுக்கும் நன்மை செய்தது; உள்ளத்துக்கும் நன்மை செய்தது. அரைமணி நேரம் சுவாமியின் முன் அமர்ந்து எழுந்தவரின் முகத்தில் ஒரு தெளிவு தோன்றும். அத்தெளிவு நாள் முழுவதும் துணைவரும்.

ஆனால், சில வீடுகளில் அந்த அரைமணி நேரம் மெல்ல மெல்ல நான்கு மணி நேரமாகிவிடுகிறது. ஒருமுறை நீராடியவர் நான்கு முறை நீராடுகிறார். கழுவிக் கழுவி உள்ளங்கைத் தோல் வெடிக்கிறது. பாராயணத்தில் ஓர் எழுத்துப் பிறழ்ந்ததோ என்னும் ஐயத்தால் நூலை முதலிலிருந்து தொடங்குகிறார். பாதியில் மீண்டும் ஐயம், மீண்டும் தொடக்கம். ஒருவழியாக எழுந்து வரும்போது அவர் முகத்தில் தெளிவு இல்லை. களைப்பும் கலக்கமுமே மிஞ்சுகின்றன. 'அவருக்கு ஆசாரம் அதிகம்' என்று சிலர் பெருமையாகவும் சிலர் ஏளனமாகவும் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அது ஆசாரம் அன்று. மருத்துவத்தால் தணிக்கக்கூடிய ஒரு நோய். அந்நோய்க்கு உரிய வைத்தியரை எப்படித் தேடுவது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் இயல்பு

மருத்துவர்கள் இதனை 'அப்செஸிவ் கம்பல்சிவ் டிஸார்டர்' என்கின்றனர், சுருக்கமாக ஓ.சி.டி. தமிழில் 'எண்ணச் சுழற்சி நோய்' என வழங்குகிறது. இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, விரும்பாமலேயே மனத்தில் புகுந்து வாட்டும் எண்ணம்: 'கை அசுத்தமாகிவிட்டது', 'கேஸை அணைக்கவில்லை', 'மந்திரத்தில் பிழை வந்துவிட்டது, குடும்பத்துக்குத் தீங்கு நேரும்' என்பன போன்றவை. இரண்டாவது, அந்த எண்ணம் தரும் அச்சத்தைத் தணிக்க ஒருவர் செய்தே ஆக வேண்டும் எனத் தோன்றும் செயல்: கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், திரும்பச் சொல்லுதல், பிறரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல்.

செயலை முடித்தவுடன் அச்சம் சற்றே அடங்கும். ஆனால் சிறிது நேரத்தில் முன்னிலும் வலுவாகத் திரும்பும். வங்கியில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு இது ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறது. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதிய கடன் வாங்குபவருக்கு அன்றைய தினம் நிம்மதிதான். அடுத்த தவணையின்போது சுமை இரட்டிப்பாக நிற்கும். எண்ணச் சுழற்சி நோயில் ஒவ்வொரு கழுவுதலும் அத்தகைய புதுக்கடனே.

நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளின் பொதுவான கணிப்பு. பெரும்பாலும் இளமையில் தொடங்குகிறது. ஆனால் வெட்கத்தினால் பல ஆண்டுகள் மறைக்கப்படுகிறது. மூளையில் ஆபத்தை உணர்த்தும் எச்சரிக்கை மணி, காரணமின்றி விடாமல் ஒலிப்பதற்கு ஒப்பானது இது. பூர்வஜன்ம வினையின் தண்டனையும் அன்று. வளர்ப்பின் குற்றமும் அன்று. மன உறுதிக் குறைவும் அன்று.

ஆசாரத்துக்கும் நோய்க்கும் எல்லை எது?

அன்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. நியமத்தோடு பூஜை செய்பவர்களையெல்லாம் நோயாளிகள் என்பதா? இல்லை. இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. ஆசாரத்துக்கு முடிவு உண்டு. பூஜை நிறைவுற்றது என மனம் ஏற்றுக்கொள்ளும். நோய்க்கு முடிவு இல்லை. எத்தனை முறை செய்தாலும் 'போதும்' என்னும் உணர்வு வாராது. ஆசாரத்தைக் கடைப்பிடிப்பவர் இறைவனை நினைக்கிறார். நோயுற்றவர் பிழையையே நினைக்கிறார். இந்த எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, உணவு, உறக்கம், வேலை, உறவு ஆகியவற்றைக் கெடுத்தாலோ மருத்துவரை நாட வேண்டும்.

நம் சாஸ்திரங்களே மனிதன் பிழை செய்வான் என்பதை அறிந்து ஏற்பாடு செய்திருக்கின்றன. பூஜையின் முடிவில் அபராத க்ஷமாபணம் சொல்கிறோம். சஹஸ்ரநாமப் பாராயணத்தின் முடிவில், விடுபட்ட எழுத்துக்கும் சொல்லுக்கும் பொறுத்தருள வேண்டுகிறோம். பிழை நேர்ந்தால் பதினொரு முறை திரும்பச் சொல் என்று அங்கே கூறப்படவில்லை. ஒருமுறை மன்னிப்புக் கேள் என்றே கூறப்பட்டுள்ளது. நோயாளிக்கும் முதியவருக்கும் நீராடலுக்கு மாற்றாக விபூதி ஸ்நானமும் மந்திர ஸ்நானமும் விதிக்கப்பட்டிருக்கின்றன. காளத்தியில் கண்ணப்பர் வாய்நீரால் திருமஞ்சனம் செய்ததை ஏற்றவன் இறைவன் என்பதைப் பெரியபுராணம் படித்த நாம் அறிவோம்.

இது நம் சமயத்துக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதில் ஓயாத ஐயம் கொள்வோரை இஸ்லாமிய மரபு 'வஸ்வாஸ்' என்னும் சொல்லால் குறிக்கிறது. பாவ அறிக்கையைத் திரும்பத் திரும்பச் செய்து அமைதி காணாதவர்களைக் கத்தோலிக்கக் குருமார்கள் பல நூற்றாண்டுகளாக அறிவார்கள். ஒருவர் எதனைப் புனிதமாகப் போற்றுகிறாரோ, அதன் உடையை அணிந்தே இந்நோய் வருகிறது.

சந்நிதியில் தோன்றும் தகாத எண்ணங்கள்

வெளியில் சொல்ல முடியாத ஒரு வகையும் உண்டு. தீபாராதனையின்போது, கண்ணை மூடி நிற்கையில், இறைவனைப் பற்றியே இழிவான சொல்லோ காட்சியோ மனத்தில் மின்னுகிறது. பேரக்குழந்தையைக் கையில் ஏந்தும்போது 'கீழே போட்டுவிடுவேனோ' என்னும் எண்ணம் வருகிறது. 'நான் மகாபாவி' என்று அஞ்சிப் பலர் கோயிலுக்குச் செல்வதையே நிறுத்திவிடுகின்றனர். மனைவியிடமோ கணவனிடமோ கூடச் சொல்வதில்லை. தனிமையில் கன்னத்தில் போட்டுக்கொண்டு காலம் கழிக்கின்றனர்.

1978ஆம் ஆண்டு ஸ்டான்லி ராக்மன் என்னும் உளவியல் அறிஞரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எந்த மனநோயும் இல்லாத பெரும்பாலோருக்கும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் அவ்வப்போது தோன்றுகின்றன என்பதே அதன் முடிவு. அவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எண்ணம் வந்த வழியே போய்விடுகிறது. நோயுற்றவரோ அதற்கு அஞ்சுகிறார், போராடுகிறார், பரிகாரம் தேடுகிறார். ஆகவே எண்ணம் அங்கேயே தங்கிவிடுகிறது. அன்புள்ள இடத்தில்தான் இந்த அச்சம் பிறக்கிறது. பக்தி இல்லாதவருக்குத் தெய்வ நிந்தனை எண்ணம் ஒரு துன்பமாகவே இராது.

ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில், பரீட்சித்து மன்னன் கலிபுருஷனை முற்றிலும் அழிக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. கலியுகத்தில் நல்லதை நினைத்தாலே பலன் உண்டு. தீயதோ, செய்தால்தான் ஒட்டும். பெரியோர்கள் உபந்யாசங்களில் இதனை எடுத்துரைப்பர். மனத்தில் வந்து போகும் எண்ணத்துக்கு நடுங்குவோர் இதனை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது. ஆனால் ஒருமுறை போதும். நாள்தோறும் பத்து முறை படித்தோ கேட்டோ உறுதி செய்துகொள்ளத் தொடங்கினால், அதுவே கட்டாயச் செயலாகிவிடும்.

ஒரு குடும்பத்தின் தேடல்

காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் வாழும் என் தூரத்து உறவினர் குடும்பத்தில் நடந்ததை, அவர்களுடைய இசைவோடு எழுதுகிறேன். அந்த அம்மையாருக்கு அப்போது வயது 58. இளமையிலிருந்தே சிறிதளவு இருந்த பழக்கம், ஒரே மகன் வெளியூருக்குப் பணிக்குச் சென்றபின் முற்றியது. காலை 6 மணிக்குத் தொடங்கும் பூஜை பிற்பகல் 2 மணி வரை நீளும். "நான் அந்த நாமாவைச் சரியாகச் சொன்னேனா? நீங்கள் கேட்டீர்கள் அல்லவா?" என்று கணவரை அழைத்துக் கேட்பார். "சரியாகத்தான் சொன்னாய்" என்று அவரும் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வார். நைவேத்தியம் ஆகாமல் அவ்வீட்டில் யாரும் உண்பதில்லை. கணவரோ சர்க்கரை நோயாளி. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு உணவுக்காகக் காத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சர்க்கரை இறங்கிக் கூடத்திலேயே மயங்கி விழுந்தார். அக்கம்பக்கத்தார் வந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பிழைத்தார். அதன் பின்னரும் அம்மையாரால் பூஜையைச் சுருக்க இயலவில்லை. 'என் பூஜையில் குறை இருந்ததால்தான் இவருக்கு இப்படி ஆயிற்று' என்று நோய் புதுக் காரணம் சொல்லிற்று.

முதலில் பரிகாரங்கள் செய்தனர். பரிகாரத்தைச் சரியாகச் செய்தோமா என்னும் ஐயம் கூடுதலாகச் சேர்ந்தது. குடும்ப மருத்துவர் தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, விழித்தவுடன் அச்சமும் வந்தது. பிறகு மனநல ஆலோசகர் ஒருவரிடம் சென்றனர். அவர் கனிவானவர். "ஒன்றும் ஆகாது அம்மா, கடவுள் மன்னிப்பார்" என்று வாரந்தோறும் தேற்றினார். இரண்டு நாட்களுக்கு மனம் இலேசாக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடியும் அந்தத் தேறுதல் தேவைப்படும். பிறகு தினமும் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார். கணவர் இருபது முறை சொன்ன பதிலை, கட்டணம் கொடுத்துப் பெறும் நிலை ஏற்பட்டது.

இறுதியில் மகன் விடுப்பெடுத்து வந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதி, இந்நோய்க்குப் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த உளவியலாளர் முதல் நாளில் கேட்ட கேள்வியை அம்மையார் இன்றும் நினைவுகூர்கிறார்: "உங்கள் தாயார் எவ்வளவு நேரம் பூஜை செய்வார்?" முக்கால் மணி நேரம் என்றார் இவர். "நாம் அங்கே போய்ச் சேர்வோம்" என்றாராம் அவர். பூஜையை விடச் சொல்லவில்லை. தாயாரின் பூஜையைத் திரும்பப் பெற்றுத் தருவதாகச் சொன்னார்.

எந்தச் சிகிச்சை?

வைத்தியரைத் தேடுமுன் எந்த வைத்தியம் என்பதை அறிய வேண்டும். பேசி ஆற்றுப்படுத்தும் எல்லாச் சிகிச்சையும் இந்நோய்க்கு உதவுவதில்லை. 1966ஆம் ஆண்டு லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலாளர், நாட்பட்ட நோயுற்ற இருவருக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார். ஒருவர் தூய்மை பற்றிய அச்சத்தால் வருந்தியவர்; மற்றவர் தெய்வ நிந்தனை எண்ணங்களால் வருந்தியவர். அஞ்சும் சூழ்நிலையை அவர்கள் எதிர்கொள்ளச் செய்து, வழக்கமான கட்டாயச் செயலை மட்டும் செய்யாமலிருக்க உதவினார். இருவரும் தேறினர். 'எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்', சுருக்கமாக ஈ.ஆர்.பி., என்னும் இம்முறையே இன்று இந்நோய்க்கு முதன்மையான உளவியல் சிகிச்சை. அச்சத்தை எதிர்கொண்டு, அதற்குப் பதில் செயல் செய்யாதிருத்தல் என்பதே இதன் பொருள்.

இது எப்படி நடக்கிறது? அம்மையாரின் அச்சங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டனர். படிக்கட்டில் ஏறுவதுபோல் கீழிருந்து தொடங்கினர். முதல் படி, செய்தித்தாளைத் தொட்டபின் ஒரே ஒருமுறை கை கழுவிவிட்டுக் குங்குமச் சிமிழைத் தொடுவது. மேல் படி, பாராயணத்தில் எழுத்துப் பிறழ்ந்ததோ என்னும் ஐயம் எழுந்தாலும் நிறுத்தாமல் இறுதிவரை படித்து, க்ஷமா பிரார்த்தனையை ஒருமுறை சொல்லி எழுந்துவிடுவது. தொடக்கத்தில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ஆனால் எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தபோது அச்சம் தானாகவே தணிவதை அவர் கண்டார். பலமுறை பழகப் பழக, அச்சம் வந்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது உடலுக்கே விளங்கிற்று.

'அசைவத்தைத் தொடச் சொல்வார்களோ, சுவாமியை நிந்திக்கச் சொல்வார்களோ' என்று அஞ்ச வேண்டாம். நல்ல சிகிச்சையாளர் நோயாளியின் சமய நெறியை மீறச் சொல்ல மாட்டார். அந்நெறியில் உள்ள மற்றவர்கள் இயல்பாகச் செய்வதைச் செய்யப் பழக்குவார். எது இயல்பான அளவு என்பதில் ஐயம் இருந்தால், குடும்பம் மதிக்கும் ஒரு வைதிகரையோ குருவையோ ஒருமுறை கேட்டு, அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொண்டு அதன்படி நடக்கச் செய்வர்.

பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். ஒவ்வோர் அமர்வும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அமர்வைவிட முக்கியமானது, அன்றாடம் வீட்டில் செய்யும் பயிற்சி.

யார் யார்? எங்கே தேடுவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். என்னும் மனநலப் பட்டமோ பட்டயமோ பெற்றவர். மருந்து எழுதும் உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. உளவியல் சிகிச்சை அளிப்பவர். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். போன்ற உரிய பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. காசோலையில் கையொப்பத்தைச் சரிபார்ப்பது அவமதிப்பு ஆகுமா? அதுபோலத்தான் இதுவும். 'ஆலோசகர்' என்னும் பெயர்ப்பலகை மட்டும் உள்ளவர்களிடம் பயிற்சியின் விவரத்தைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும்.

முதல் வாயிற்படி, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல வெளிநோயாளர் பிரிவு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தோன்றிய மரபில் வருவது. அதன் பெயரைக் கேட்டு அஞ்சும் பழைய வழக்கத்தை நாம் விட்டுவிடலாம். வெளிநோயாளராகச் சென்று அன்றே திரும்புவோர் அங்கு ஏராளம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாகாயத்தில் மனநல மையம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. பிற இடங்களில் குணம் காணாதவர்கள் அங்கே செல்லலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சிற்றூரில் வாழ்வோருக்கு வீடியோ அழைப்பின் மூலம் நடக்கும் அமர்வுகளும் பயன்படுகின்றன. வீட்டுப் பூஜையறையிலும் அடுக்களையிலும் நோய் குடியிருப்பதால், அங்கேயே நின்று பயிற்சி செய்ய இது வசதியாகவும் இருக்கிறது.

மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஒன்றை அறிந்துகொள்க. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. எனினும், பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் செலவைத் தரும். வாராந்திர அமர்வுக்குத் தருவது அரிது. பாலிசிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

சிகிச்சையாளரிடம் தயக்கமின்றிப் பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

1. ஓ.சி.டி. உள்ளவர்களுக்கு இதற்கு முன் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா? எந்த முறையில்? (பதிலில் ஈ.ஆர்.பி. இடம்பெற வேண்டும்.)

2. ஓர் அமர்வில் என்ன செய்வோம்? வீட்டுப் பயிற்சி உண்டா?

3. குணத்தை எப்படி அளப்பீர்கள்? (யேல்-பிரவுன் அளவுகோல் என்று 1989இல் வெளியான 10 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு, மொத்தம் 40 மதிப்பெண். எண்ணிக்கை குறையக் குறைய நோய் தணிகிறது என்று பொருள்.)

4. குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுவீர்களா?

5. பூஜை, பாராயணம், மடி ஆகியவை எங்கள் வாழ்வின் பகுதி. அதற்கு இடம் கொடுத்துச் சிகிச்சை செய்வீர்களா?

6. கட்டணம் எவ்வளவு? எத்தனை அமர்வுகள்?

மூன்றே அமர்வில் முழுக் குணம் என்பவர், பணம் முழுவதையும் முன்கூட்டியே கேட்பவர், மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தச் சொல்பவர், 'எல்லாம் மூடநம்பிக்கை, பூஜையை விட்டுவிடுங்கள்' என்பவர், ஒவ்வொரு முறையும் தேறுதல் வார்த்தை மட்டும் சொல்பவர் ஆகியோரிடமிருந்து விலகி வேறொருவரைத் தேடுங்கள். முதலில் கண்டவர் பொருந்தவில்லை என்பதால் சிகிச்சையே பொருந்தாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மருந்து பற்றி முதியவர்கள் அறிய வேண்டியவை

ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் போன்ற மாத்திரைகள் இந்நோய்க்குத் தரப்படுகின்றன. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். ஆகவே பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது. நலமான பின்னும் மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது.

நம் வயதினருக்குக் கூடுதல் கவனம் தேவை. இம்மாத்திரைகளால் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கு இரத்தக் கசிவு அபாயம் கூடலாம். எனவே இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு உட்கொள்ளும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இளமையில் எந்த அறிகுறியும் இல்லாமல் 50 வயதுக்கு மேல் முதன்முறையாக இப்பழக்கங்கள் தோன்றினால், மூளை நரம்புகளில் வேறு காரணம் உண்டா என்பதையும் மருத்துவர் ஆராய வேண்டும். நோயால் மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் பேசத் தொடங்கினால், அமர்வு நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களின் பங்கு

இந்நோய் அன்பையே தன் ஏவலாளாக்கிக் கொள்கிறது. 'சரியாகத்தான் செய்தாய்' என்று இருபது முறை சொல்லும் கணவர், மாமியாருக்காக வாசலிலேயே காலைக் கழுவிக்கொண்டு உடை மாற்றும் மருமகள், பாட்டி தொடும்வரை புத்தகத்தைத் தொடாமல் காத்திருக்கும் பேரன் ஆகிய அனைவரும் அன்பினால் நோய்க்குப் பணி செய்கின்றனர். இதனைத் திடீரெனவும் கோபமாகவும் நிறுத்தக் கூடாது. சிகிச்சையாளரோடு கலந்து, நோயுற்றவரின் இசைவோடு, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மேற்சொன்ன கணவருக்குக் கற்பிக்கப்பட்ட பதில் இது: "இந்தக் கேள்வியை நோய் கேட்கிறது. அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உன் அருகில் அமர்ந்திருக்கிறேன்." முதல் வாரத்தில் அம்மையார் அழுதார். கணவரும் அழுதார். ஆயினும் இருவரும் அதனைக் கைவிடவில்லை.

ஐந்து மாத முடிவில், யேல்-பிரவுன் அளவுகோலில் 28ஆக இருந்த அவரது மதிப்பெண் 12ஆக இறங்கிற்று. பூஜை ஐம்பது நிமிடத்தில் நிறைவடைகிறது. கணவர் வேளைக்கு உண்கிறார். மூன்று ஆண்டுகளாக வாசற்படி தாண்ட அஞ்சியவர், பிரதோஷத்தன்று கணவரோடு சிவாலயம் சென்று, கூட்டத்தில் தோள்கள் உரச நின்று, நந்தியின் அபிஷேகத்தைக் கண்டார். ஐயம் முற்றிலும் மறைந்துவிட்டதா என்று கேட்டேன். "வருகிறது; வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்" என்றார். இந்நோயில் குணம் என்பது பெரும்பாலும் இதுதான். எண்ணமே எழாத மனம் யாருக்கும் வாய்ப்பதில்லை. எழுந்த எண்ணத்துக்கு அடிமையாகாத மனம் பயிற்சியால் வாய்க்கிறது.

கண்ணில் புரை விழுந்தால் மருத்துவரிடம் செல்கிறோம். பிறகு கோபுர தரிசனம் தெளிவாகக் கிடைக்கிறது. மனத்தில் அச்சம் புரையோடினாலும் அவ்வாறே செய்யலாம். நம் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, நாம் நாள்தோறும் செல்லும் கோயிலின் பிராகாரத்திலோ, கணக்குத் தவறியதாக எண்ணி மறுபடி மறுபடி வலம் வந்து தவிக்கும் ஒருவரைக் கண்டால், பரிகசிக்காமல் இச்செய்தியைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். உரிய வைத்தியரிடம் அவரோடு துணையாகச் செல்லுங்கள். தவிக்கும் ஒருவருக்கு வழித்துணையாவதும் இறைவன் உவக்கும் தொண்டே. அஞ்சேல் என்று அபய ஹஸ்தம் காட்டி நிற்கும் இறைவன், அச்சத்தால் வாடும் அனைவருக்கும் மன அமைதியை அருள்வானாக!